டி.ஓ. என்று போட்டிருக்கிறது: கண் டாக்டரா, இதய டாக்டரா?

வெள்ளைக்காகம்

எங்கள் வீட்டுப் பஞ்சாயத்து ஒன்றை இங்கே கொண்டுவருகிறேன். அமெரிக்காவில் எங்களோடு இருக்கும் மாமனாருக்கு 71 வயது. மாடிப்படி ஏறினால் நெஞ்சை அடைக்கிறது என்றார். குடும்ப மருத்துவர் இதய நிபுணர் ஒருவரைப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். சீட்டில் அந்த நிபுணரின் பெயருக்குப் பின்னால் டி.ஓ. என்று இருந்தது. அங்கேதான் சிக்கல்.

மாமனார் ஓய்வுபெற்ற அரசு ஊழியர். பெயரை விட்டுவிட்டு பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளைத்தான் முதலில் படிப்பார். "டி.ஓ.ன்னா கண்ணுக்கு டிப்ளமோ. நெஞ்சு வலிக்கு எதுக்குய்யா கண் டாக்டர்?" என்று உட்கார்ந்துவிட்டார். நான் தேடிப் பார்த்தேன். இங்கே டி.ஓ. என்றால் ஆஸ்டியோபதி என்கிறார்கள். ஆஸ்டியோபதி என்று தேடினால் முதுகை நீவிவிடும் படமாக வருகிறது. இப்போது அவரைவிட எனக்குத்தான் குழப்பம் அதிகம். அப்பாயின்ட்மென்ட் வரும் வியாழக்கிழமை. போகலாமா, இல்லை எம்.டி. ஒருவரைத் தேடிப் பிடிக்கலாமா?

பழைய ஸ்டெத்

உங்கள் மாமனார் சொன்னதில் தப்பே இல்லை. இந்தியாவில் டி.ஓ. என்பது எம்.பி.பி.எஸ். முடித்தபின் படிக்கும் கண் மருத்துவ டிப்ளமோ. அமெரிக்காவில் அதே இரண்டு எழுத்து ஆஸ்டியோபதி மருத்துவரைக் குறிக்கும். ஒன்றுக்கும் மற்றதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சட்டப்படி அவர் முழு மருத்துவர். ஐம்பது மாநிலங்களிலும் மருந்து எழுதலாம், அறுவை செய்யலாம். அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் கேட்டுவிட்டீர்கள், மனதில் இருப்பதைச் சொல்கிறேன். இரண்டு பேரும் ஒரே தூரத்தில் இருந்தால் நான் எம்.டி.யிடம்தான் போவேன். எம்.டி. கல்லூரியில் இடம் கிடைக்காமல் டி.ஓ. பக்கம் போகிறவர்கள் நிறையப் பேர். எம்கேட் நுழைவுத் தேர்வில் எம்.டி. கல்லூரிகளில் சேர்கிறவர்களின் சராசரி 511-ஐ ஒட்டி இருக்கும், டி.ஓ. பக்கம் 504-ஐ ஒட்டி. தேர்வின் உச்சமே 528 என்னும்போது இது சின்ன இடைவெளி இல்லை. பல டி.ஓ. கல்லூரிகளுக்குச் சொந்தமாகப் போதனா மருத்துவமனை கிடையாது. மூன்றாம், நான்காம் ஆண்டில் பிள்ளைகளை ஆளுக்கொரு சின்ன மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள். சிக்கலான நோயாளிகளைப் பார்க்கிற வாய்ப்பு அங்கே எவ்வளவு இருக்கும்? அப்புறம் டி.ஓ. கல்லூரிகளில் சொல்லித்தரும் அந்த எலும்பு நீவுகிற பாடம். அறிவியல் படித்தவர்கள் அதை இன்னும் பாடத்திட்டத்தில் வைத்திருப்பது எனக்குப் புரிவதே இல்லை.

தூக்கமில்லாதவள்

வணக்கம். நான் டி.ஓ.தான். உள்மருத்துவத்தில் (நம் ஊரில் பொது மருத்துவம்) மூன்றாம் ஆண்டு ரெசிடென்ட், அதாவது படிப்பு முடித்து மருத்துவமனையில் பயிற்சி எடுக்கும் மருத்துவர். நைட் டூட்டி முடித்துவிட்டு எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காகம், முதலில் உங்களுக்கு. எம்.டி. தேடுகிறேன் என்று இந்த அப்பாயின்ட்மென்ட்டை விட்டால் அடுத்தது எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. 71 வயதில், படியேறும்போது நெஞ்சடைப்பு என்பது தள்ளிப்போடுகிற விஷயம் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அடைத்தால், வியர்த்துக் கொட்டினால், வியாழக்கிழமை வரைக்கும்கூடக் காத்திருக்காதீர்கள். உடனே 911-ஐக் கூப்பிடுங்கள். எழுத்து ஆராய்ச்சி எல்லாம் அப்புறம்.

இப்போது பழைய ஸ்டெத் சாருக்கு. அந்த இதய நிபுணர் எந்தக் கல்லூரியில் படித்திருந்தாலும் அதன்பின் மூன்று வருடம் உள்மருத்துவ ரெசிடென்சி, அதற்குமேல் மூன்று வருடம் இதயவியல் ஃபெல்லோஷிப் முடித்திருக்க வேண்டும். ஒருகாலத்தில் டி.ஓ.க்களுக்கென்று தனி ரெசிடென்சி இருந்தது. 2015-இலிருந்து அதை ஒன்றாக்கிக்கொண்டே வந்து 2020-இல் முடித்துவிட்டார்கள். இப்போது எம்.டி., டி.ஓ. இருவரின் ரெசிடென்சிக்கும் அங்கீகாரம் தருவது ஒரே அமைப்பு. என் பேட்ச்சில் எம்.டி., டி.ஓ., இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் வந்த எம்.பி.பி.எஸ். என்று எல்லாரும் இருக்கிறோம். அதிகாலை மூன்று மணிக்கு ஒருவருக்கு ரத்த அழுத்தம் சரிந்தால் நர்ஸ் யார் டூட்டியோ அவரைத்தான் கூப்பிடுகிறார். பேட்ஜில் எந்த எழுத்து என்று பார்த்து இல்லை.

கணக்குப்பிள்ளை

மகள் இரண்டு பக்கமும் விண்ணப்பித்திருப்பதால் இந்தக் கணக்கெல்லாம் விரல் நுனியில் இருக்கிறது. 2024 மேட்ச்சில், அதாவது ரெசிடென்சி இடம் ஒதுக்குகிற அந்த ஆண்டுச் சுற்றில், அமெரிக்க எம்.டி. இறுதியாண்டு மாணவர்களில் 93.5 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. டி.ஓ. மாணவர்களுக்கு 92.3. வெளிநாட்டில் படித்து வந்த, அமெரிக்கக் குடியுரிமை இல்லாத மருத்துவர்களுக்கு 58.5. ஆக டி.ஓ. என்றால் வேலை இல்லை என்பது கட்டுக்கதை.

ஆனால் பழைய ஸ்டெத் சார் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த 92.3-க்குள் குடும்ப மருத்துவம், உள்மருத்துவம் போன்றவைதான் பெரும்பங்கு. நரம்பு அறுவை, பிளாஸ்டிக் சர்ஜரி, காது மூக்கு தொண்டை என்று போட்டி அதிகமுள்ள துறைகளில் டி.ஓ.க்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். அங்கே கதவு இன்னும் பாதிதான் திறந்திருக்கிறது. தவிர, டி.ஓ. பிள்ளைகள் தங்களுக்கான காம்லெக்ஸ் உரிமத் தேர்வையும் எழுதி, ரெசிடென்சிக்காரர்கள் கேட்பார்களே என்று எம்.டி.க்களின் யு.எஸ்.எம்.எல்.இ.யையும் எழுதுகிறார்கள். தேர்வுக் கட்டணமும் இரண்டு, படிப்பும் இரண்டு. 2022-இல் இரண்டு தேர்வுகளின் முதல் கட்டத்தையும் மதிப்பெண் இல்லாமல் வெறும் பாஸ், ஃபெயில் என்று மாற்றினார்கள். அதன்பின் கல்லூரியின் பெயர் இன்னும் கனமாகிவிட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். மகளிடம் இதைச் சொல்லவில்லை.

வார்டு எண் 9

நீங்கள் எல்லாரும் எம்.டி. என்ற எழுத்துக்கு இவ்வளவு மரியாதை கொடுப்பதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. நான் பிரிட்டனில் ரெஜிஸ்ட்ரார், அதாவது சிறப்புப் பயிற்சியில் இருக்கும் மருத்துவர். இங்கே எம்.டி. என்பது மருத்துவர் ஆவதற்கான படிப்பே இல்லை, ஆராய்ச்சிப் பட்டம். மருத்துவராக எம்.பி.பி.எஸ். போதும். அதையே ஒரு பல்கலைக்கழகம் எம்.பி. சி.எச்.பி. என்று எழுதும், ஆக்ஸ்ஃபோர்டு பி.எம். பி.சி.எச். என்று எழுதும். லத்தீனை எந்தப் பக்கத்திலிருந்து சுருக்குகிறோம் என்பதுதான் வித்தியாசம். அயர்லாந்தில் மகப்பேற்றுக்கும் சேர்த்து பி.ஏ.ஓ. என்று ஒரு வால் தொங்கும்.

எம்.டி. இந்தியாவில் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் மூன்று வருடச் சிறப்புப் படிப்பு. அமெரிக்காவில் அதுவே அடிப்படைப் பட்டம். ரஷ்யப் பக்கம் ஆறு வருடம் படித்து எம்.டி. என்று வாங்கிவருகிறவர்களை இந்தியா எம்.பி.பி.எஸ்.ஸுக்குச் சமமாகத்தான் எடுத்துக்கொள்ளும், அதுவும் தகுதித் தேர்வு எழுதிய பிறகு. மெல்போர்ன் பல்கலைக்கழகம் 2011-இல் எம்.பி.பி.எஸ்.ஸைத் தூக்கிவிட்டு எம்.டி. என்று பெயர் வைத்தது. அது அந்த நாட்டுத் தர அடுக்கில் முதுநிலைப் பட்டம். ஒரே பெயர், நாலு அர்த்தம்.

இன்னொன்று. இங்கே அறுவை மருத்துவர்களை 'டாக்டர்' என்று கூப்பிட்டால் முகம் மாறும். ஒருகாலத்தில் அறுவை செய்தவர்கள் நாவிதர்களோடு ஒரே சங்கத்தில் இருந்தவர்கள், பல்கலைக்கழகப் பட்டம் வாங்காதவர்கள், அதனால் வெறும் 'மிஸ்டர்'. இன்றைக்கு அவர்களும் எம்.பி.பி.எஸ். முடித்து டாக்டர் ஆகிறார்கள். அப்புறம் ராயல் கல்லூரித் தேர்வு எழுதி, பாஸ் ஆனதும் மறுபடி மிஸ்டர் ஆகிறார்கள். அவ்வளவு கஷ்டப்பட்டுப் பட்டத்தைத் துறக்கிற ஆட்களை வேறெங்கும் பார்க்க முடியாது.

வெள்ளைக்காகத்தின் குழப்பத்துக்கும் விடை இங்கேதான். நீங்கள் பார்த்த முதுகு நீவும் படங்கள் பிரிட்டன், ஆஸ்திரேலியா பக்கத்து 'ஆஸ்டியோபாத்'களாக இருக்கலாம். அவர்கள் மருத்துவர்கள் இல்லை. பிரிட்டனில் 1993-இல் அவர்களுக்கென்று தனிச் சட்டமே வந்தது. மருந்துச் சீட்டு எழுத முடியாது. அமெரிக்க டி.ஓ. வேறு. வேர் ஒன்று, மரம் இரண்டு.

பழைய ஸ்டெத்

வேரைப் பற்றி யாராவது பேச வேண்டும் என்றுதான் காத்திருந்தேன். ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பவர் 1892-இல் மிசௌரியின் கிர்க்ஸ்வில்லில் தொடங்கிய பள்ளி அது. உடம்பின் எலும்பும் தசையும் ஒழுங்காக இருந்தால் ரத்த ஓட்டம் சரியாகும், நோய் போகும் என்பது கொள்கை. ஆரம்பத்தில் மருந்துப் பாடமே கிடையாது. இப்படிப்பட்ட ஒன்று அறிவியல் மருத்துவத்தோடு சரிசமமாக உட்காருவது எப்படி?

தூக்கமில்லாதவள்

சார், பாதிக் கதையைத்தான் சொன்னீர்கள். ஸ்டில்லும் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த வைத்தியர்தான். 1864-இல் மூளைக்காய்ச்சலில் மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தார். அன்றைய மருந்து என்ன? பாதரசம் கலந்த கேலமெல், சாராயம், அபின். அவற்றைக் கொடுப்பதைவிடச் சும்மா இருப்பதே மேல் என்று அவர் நினைத்ததில் அந்தக் காலத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. எலும்பைத் திருத்தினால் எல்லாம் தீரும் என்றதுதான் தவறு. அந்தத் தவறை அவருடைய கல்லூரிகளே கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டு மருந்தையும் அறுவையையும் உள்ளே கொண்டுவந்தன. எம்.டி. கல்லூரிகள் மட்டும் என்ன, பிறக்கும்போதே சுத்தமா? 1910-இல் பிளெக்ஸ்னர் என்ற கல்வியாளர் 155 மருத்துவக் கல்லூரிகளைப் போய்ப் பார்த்துவிட்டு எழுதிய அறிக்கையைப் படித்துப் பாருங்கள். பரிசோதனைக்கூடம் இல்லாமல், காசு வாங்கிக்கொண்டு பட்டம் கொடுத்த எத்தனை இடங்கள்!

அப்புறம் கலிஃபோர்னியா கதை. 1961, 62-இல் அந்த மாநிலத்தில் டி.ஓ.க்களே கூடாது என்று முடிவு செய்தார்கள். என்ன செய்தார்கள் தெரியுமா? 65 டாலர் கட்டினால் டி.ஓ. எம்.டி. ஆகிவிடலாம் என்றார்கள். சுமார் 2,000 பேர் கட்டி மாறினார்கள். நேற்றுவரை தரம் குறைந்தவர்கள், காசோலை போட்ட மறுநாள் சமமானவர்கள். கற்ற வித்தை ஒரு மயிரிழைகூட மாறவில்லை. 1974-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் டி.ஓ.க்களுக்கு மறுபடி உரிமம் கொடுக்கத் தொடங்கினார்கள்.

மட்டுறுத்துநர்

நடுவில் வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். 'எலும்பு முறிக்கிறவர்கள்', 'காசு கொடுத்து சீட் வாங்கிய கூட்டம்' போன்ற சொற்கள் இங்கே வேண்டாம்.

கிணற்றுத்தவளை

எனக்கும் ஒரு சந்தேகம். போன மாதம் என் அம்மாவைப் பார்த்தவர் டி.என்.பி. நம் ஊரிலேயே டி.என்.பி. முடித்தவர்களிடம் காட்டியிருக்கிறோம், நல்ல மருத்துவர்கள். அதனால் எனக்குக் கவலை இல்லை. டி.ஓ.வுக்கு மட்டும் ஏன் இவ்வளவு சண்டை?

கணக்குப்பிள்ளை

அய்யோ, இரண்டு டி.என்.பி.யும் ஒன்றில்லை! தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே மாதிரி விழுகிறது, அதுதான் வினை. இந்தியாவின் டி.என்.பி.யில் கடைசி 'பி' போர்டுக்கு வருவது. எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு மூன்று வருடம் மருத்துவமனையில் பயிற்சி எடுத்து தேசியத் தேர்வு வாரியத்தில் பாஸ் செய்த சிறப்பு மருத்துவர், எம்.டி.க்கு இணை. அமெரிக்காவின் டி.என்.பி.யில் 'பி' பிராக்டிஸுக்கு. செவிலியர் படிப்பில் முனைவர் பட்டம். அவர் பெரும்பாலும் நர்ஸ் பிராக்டிஷனர். பல மாநிலங்களில் தாமாகவே மருந்து எழுதும் அதிகாரம் உண்டு, அனுபவசாலிகளும் உண்டு. ஆனால் மருத்துவக் கல்லூரியும் ரெசிடென்சியும் முடித்தவர் இல்லை. அந்தப் பட்டத்துக்கு வழக்கமாகக் கேட்டுவந்தது சுமார் 1,000 மணி நேரப் பயிற்சி. ரெசிடென்ட் ஒருவர் வாரத்துக்கு 60, 70 மணி நேரம் வேலை செய்தால் நாலு மாதத்தில் அதைத் தாண்டிவிடுவார்.

கிணற்றுத்தவளை

அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவருக்கு அந்த டாக்டரைத்தான் ரொம்பப் பிடித்திருக்கிறது. பொறுமையாக நாற்பது நிமிடம் பேசினாராம்.

வார்டு எண் 9

சொல்லாதீர்கள். நாற்பது நிமிடம் எங்களில் யாரும் பேசப்போவதில்லை.

வருடக் கணக்குக்கு வருவோம். பன்னிரண்டாம் வகுப்புக்கு அப்புறம் ஓர் இதய நிபுணர் உருவாக எவ்வளவு நாள்? அமெரிக்காவில் இளங்கலை 4, மருத்துவக் கல்லூரி 4, உள்மருத்துவம் 3, இதயவியல் 3, மொத்தம் 14. பிரிட்டனில் படிப்பு 5, ஃபவுண்டேஷன் என்ற தொடக்கப் பயிற்சி 2, உள்மருத்துவம் 3, இதயவியல் 5, மொத்தம் 15. இந்தியாவில் எம்.பி.பி.எஸ். ஹவுஸ் சர்ஜன்சியோடு ஐந்தரை, எம்.டி. 3, டி.எம். என்ற இதயவியல் மேற்படிப்பு 3, மொத்தம் பதினொன்றரை, அதுவும் நுழைவுத் தேர்வுகளுக்காக நடுவில் ஒரு வருடமும் வீணாகாவிட்டால். அமெரிக்கர்களின் பதினான்கில் முதல் நான்கு வருடம் இலக்கியமோ வேதியியலோ எதுவும் படிக்கலாம். அது மருத்துவப் பயிற்சி இல்லை. அதைக் கழித்தால் அவர்கள்தான் குறைச்சல்.

தூக்கமில்லாதவள்

வருடத்தை மட்டும் எண்ணக்கூடாது, மணியையும் எண்ண வேண்டும். எங்களுக்கு வாரத்துக்கு 80 மணி நேர வரம்பு, அதுவும் 2003-இல்தான் வந்தது. உங்களுக்குச் சராசரி 48.

வார்டு எண் 9

உண்மை. ரோஸ்டரில் 48, நடப்பில் கொஞ்சம் கூட. ஆனால் உங்கள் எண்பதாவது மணி நேரத்தில் யார் எதைக் கற்றுக்கொள்கிறார்கள்? நான் முதல் வருடம் ஓர் இரவு நாலு வார்டுக்கு ஒற்றை ஆளாக பீப்பரைக் கையில் வைத்துக்கொண்டு ஓடினேன். அதிகாலையில் ஒரு பாட்டிக்கு சலைன் சொட்டு வேகத்தை மூன்று முறை எழுதி மூன்று முறை அடித்தேன். மூளை அப்படி நின்றுபோயிருந்தது. பக்கத்தில் இருந்த நர்ஸ்தான் அட்டையை வாங்கி, "உட்காருங்கள், தேநீர் குடித்துவிட்டு எழுதலாம்" என்றார்.

பழைய ஸ்டெத்

மணி நேரத்தை விடுங்கள், நோயாளிகளின் எண்ணிக்கைக்கு வாருங்கள். அங்கேதான் இந்தியப் பயிற்சியை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. நான் இந்தியாவில் எம்.டி. முடித்துவிட்டு வந்தவன். காசநோய், டைபாய்டு, வாத இதய நோய், பாம்புக்கடி எல்லாம் படமாக இல்லை, படுக்கையில் பார்த்தவன். இங்கே வந்தபோது என் எம்.டி.யை மயிலிறகால்கூடத் தொடவில்லை. மூன்று வருட ரெசிடென்சியை முதலிலிருந்து செய் என்றார்கள். 34 வயதில் மறுபடி இன்டர்ன்.

முதல் வாரம். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்த ஒருவருக்கு அதை எடுக்க வேண்டும். இந்தியாவில் நூறு தடவைக்கு மேல் செய்திருக்கிறேன். முதுகில் விரலால் தட்டிக்கொண்டே வருவோம், சத்தம் மந்தமாகிற இடத்தில் பேனாவால் புள்ளி வைப்போம், ஊசியை இறக்குவோம். அன்றைக்கும் தட்டிப் புள்ளி வைத்துவிட்டேன். என்னைவிட எட்டு வயது சின்னவள், சீனியர் ரெசிடென்ட், வாசலில் நின்று, "அல்ட்ராசவுண்ட் எங்கே?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து வைத்துப் பார்த்தாள். என் புள்ளி சரியான இடத்தில்தான் இருந்தது. ஆனாலும் ஐந்து முறை அவள் பக்கத்தில் நிற்கச் செய்து காட்டிய பிறகுதான் தனியாகச் செய்யலாம் என்று கையெழுத்துப் போட்டாள்.

தூக்கமில்லாதவள்

சார், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த நூறில் யார் உங்கள் பக்கத்தில் நின்றார்கள்?

பழைய ஸ்டெத்

முதல் இரண்டுக்கு சீனியர் நின்றார். மீதி நானும் வார்டு பாயும்தான்.

தூக்கமில்லாதவள்

அதைத்தான் சொல்கிறேன். உங்கள் கை நல்ல கை, புள்ளி சரியாக விழுந்தது. அதே வார்டில் கை சரியில்லாத ஒருவரும் நூறு செய்திருப்பார். அவரை யார் திருத்தியிருப்பார்கள்? எண்ணிக்கை பெரிதுதான். பக்கத்தில் ஒருவர் நின்று பார்ப்பதுதான் அதைப் பயிற்சி ஆக்குகிறது.

இன்னொரு கேள்வி, சும்மா தெரிந்துகொள்ளத்தான். அந்த சீனியர் எம்.டி.யா, டி.ஓ.வா?

பழைய ஸ்டெத்

ஞாபகம் இல்லை.

கணக்குப்பிள்ளை

மருத்துவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கட்டும், நோயாளிகள் என்ன ஆனார்கள் என்று பார்ப்போம். 2023-இல் அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டில் மருத்துவமனையில் சேர்ந்த முதியவர்கள், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அனுமதிகள். எம்.டி. பார்த்தவர்களில் முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் 9.4 சதவீதம், டி.ஓ. பார்த்தவர்களில் 9.5. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. செலவும் ஏறத்தாழ அதேதான்.

பழைய ஸ்டெத் சாருக்கும் ஒரு நல்ல செய்தி. அந்த ஆய்வாளர்களில் ஒருவர் 2017-இல் பி.எம்.ஜே. இதழில் வெளிநாட்டில் படித்து வந்த மருத்துவர்களையும் அமெரிக்காவில் படித்தவர்களையும் ஒப்பிட்டிருந்தார். வெளிநாட்டுக்காரர்கள் 11.2, உள்நாட்டுக்காரர்கள் 11.6. உங்கள் கூட்டம் ஒரு பிடி மேல்.

பழைய ஸ்டெத்

பிடித்த எண்ணைக் காட்டி வாயை அடைக்கப் பார்க்கிறீர்கள்! அந்த 58.5 சதவீத வடிகட்டியில் தப்பி வந்தவர்கள் நாங்கள், கொஞ்சம் மேலாக இருப்பதில் ஆச்சரியமில்லை. தவிர, அது மருத்துவமனையில் சேர்ந்த முதியவர்களைப் பற்றிய கணக்கு மட்டும். அறுவைக்கோ வெளிநோயாளிகளுக்கோ அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் உள்மருத்துவத்தைப் பொறுத்தவரை எண்ணை ஒப்புக்கொள்கிறேன். என் மனத்தாங்கல் வேறு. அந்த நீவுகிற பாடம். தங்கச்சி அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

தூக்கமில்லாதவள்

திறக்கிறேன். சுமார் 200 மணி நேரம், முதல் இரண்டு வருடத்தில். பெரிய கூடம், வரிசையாக மேசைகள், இரண்டிரண்டு பேராக ஒருவர் படுக்க ஒருவர் தொட்டுப் பார்ப்போம். முதல் நாள் ஒரு தலைமுடியை மேசையில் வைத்து அதன்மேல் மெல்லிய தாளை வைப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் முடி எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் இன்னொரு தாள். நான் ஆறு தாள் வரை போனேன், பக்கத்து மேசைப் பையன் பதினொன்று. இன்றைக்கும் ஒரு வயிற்றைத் தொட்டால் ஈரல் விளிம்பு எங்கே முடிகிறது என்று என் விரலுக்குச் சட்டென்று தெரிகிறது என்றால் அதற்கு அந்தத் தாள்கள்தான் காரணம் என்று நம்புகிறேன். சாதாரண இடுப்பு வலிக்கு அந்த நீவும் முறை ஓரளவு உதவுகிறது என்று சொல்ல ஆய்வுகளும் உண்டு.

ஆனால் அதே கூடத்தில் மண்டையோட்டு எலும்புகள் அசைகின்றன, அதில் ஒரு தாளம் இருக்கிறது என்றும் கற்பித்தார்கள். தலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கண்ணை மூடி உட்கார வேண்டும். "தாளம் யாருக்குத் தெரிகிறது?" என்று பேராசிரியர் கேட்டார். பாதிப்பேர் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை சார். பக்கத்தில் தூக்கினார்கள், தூக்கினேன். அந்தப் பாடத்தைத் தூக்கிப் போட வேண்டும் என்பதில் நான் உங்கள் கட்சி. எனக்குத் தெரிந்த பெரும்பாலான டி.ஓ.க்கள் ரெசிடென்சிக்கு வந்தபின் நீவுவதே இல்லை.

பழைய ஸ்டெத்

இதை நேராகச் சொன்னதற்கு நன்றி. என் காலத்தில் எம்.டி. வைவாவில் கேட்காத இதய முணுமுணுப்பைக் கேட்டதாகச் சொல்லிப் பாஸ் ஆனவர்கள் உண்டு. யார் என்று கேட்காதீர்கள்.

ஆனால் போதனா மருத்துவமனை விஷயத்தில் நான் இறங்கிவரப் போவதில்லை. கணக்குப்பிள்ளை, மகளுக்கு டி.ஓ. இடம் கிடைத்தால், மூன்றாம் ஆண்டு ரொட்டேஷன், அதாவது துறை துறையாகச் சுற்றிப் பயிற்சி எடுப்பது, எந்த மருத்துவமனை, அங்கே ரெசிடென்ட்கள் இருக்கிறார்களா, எத்தனை படுக்கை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சில இடங்களில் பிள்ளைகளே போன் போட்டு ரொட்டேஷன் தேட வேண்டியிருக்கிறது.

தூக்கமில்லாதவள்

இதற்கு மறுப்பே இல்லை. எனக்கு மகப்பேறு ரொட்டேஷன் இரண்டரை மணி நேரப் பயணத்தில் இருந்த இடத்தில் கிடைத்தது. அந்த மாதம் மொத்தம் நாலு பிரசவம்தான் பார்த்தேன். புதிதாகத் தொடங்கும் கல்லூரிகளில் இதை முதலில் விசாரிக்க வேண்டும்.

வெள்ளைக்காகம், உங்களுக்கு ஒரு வேலை. அந்த நிபுணரின் பெயரை உங்கள் மாநில மருத்துவ வாரியத் தளத்தில் போட்டுப் பாருங்கள். உரிமம் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது உண்டா என்று தெரியும். அப்புறம் இதயவியலில் போர்டு சான்று, அதாவது அந்தத் துறைத் தேர்வில் தேறியதற்கான சான்று, இருக்கிறதா என்று பாருங்கள். எம்.டி.யாக இருந்தாலும் இதைப் பார்க்கத்தான் வேண்டும்.

வெள்ளைக்காகம்

வியாழக்கிழமை போய்வந்தோம். முந்தின இரவே வாரியத் தளத்தில் பார்த்துவிட்டேன். உரிமம் சரி, நடவடிக்கை எதுவும் இல்லை, இதயவியல் போர்டு சான்று இருக்கிறது. அதை அச்செடுத்து மாமனாரிடம் கொடுத்ததால்தான் காரில் ஏறினார்.

போனதும் சுவரில் மாட்டியிருந்த சான்றிதழ்களை மூக்குக் கண்ணாடி போட்டு ஒவ்வொன்றாகப் படித்தார். டாக்டர் உள்ளே வந்தது அவருக்குத் தெரியவே இல்லை. அவரும் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் வந்து நின்று, "இதுதான் ஃபெல்லோஷிப்" என்று காட்டினார். மாமனார், "எங்க ஊர்ல டி.ஓ.ன்னா கண் டாக்டர்" என்றார், நான் மொழிபெயர்த்தேன். டாக்டர் சிரித்துவிட்டு ஸ்டெத்தை எடுத்தார். எத்தனை படி ஏறினால் வருகிறது, நின்றால் எத்தனை நிமிடத்தில் போகிறது என்று துருவித் துருவிக் கேட்டார். முதுகை நீவவில்லை. டிரெட்மில் பரிசோதனை அன்றைக்கே எடுத்தார்கள். நாலாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டார்கள். அடைப்பு இருக்கும் போலத் தெரிகிறது, ஆஞ்சியோ பார்த்துவிடலாம் என்று வரும் செவ்வாய்க்கிழமைக்கு எழுதியிருக்கிறார்.

ஆஞ்சியோ செய்யப்போகிறவர் அதே குழுவில் வேறொருவர், பிரிட்டனில் படித்துவிட்டு வந்தவராம். சீட்டை வாங்கிப் பெயருக்குப் பின்னால் பார்த்தார் மாமனார். எம்.பி.பி.எஸ். என்று மட்டும் இருக்கிறது.

"இவர் எம்.டி.கூட முடிக்கலையா?" என்கிறார். இந்த இழையை முதலிலிருந்து படித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.